அரைக் கட்டை கம்மி

தடைக்காலத்தின் பதினேழாம் நாள்.
குளச்சலில் படகுகள் கரையேறிக் கிடக்க
ததேயுவின் எஞ்சின் பட்டறையில்
மறுபடி அதே வழக்கு:
இரண்டாவதா, நாலாவதா?

எங்கள் ஆல்பங்களுக்குப் பெயர் கிடையாது.
பஹ்ரைன் கப்பலில் கிரீசராக இருந்த அவன் அண்ணன்
தொண்ணூற்றிரண்டில் கொண்டுவந்த ஆறு கேசட்டிலும்
அட்டை இல்லை,
பச்சை மையில் எண் மட்டும்.
பாடுகிறவன் எந்த நாட்டுக்காரன்,
இருக்கிறானா செத்தானா
எதுவும் தெரியாமல்
முப்பது வருஷம் அவனுக்காக அடித்துக்கொண்டோம்.

"நாலாவதுல டிரம்மு கேட்டியா லேய்,
பாறைக் குழியில தோட்டா வெச்ச மாதிரி"
என்பான் ஷாஜி.
குலசேகரத்தில் ரப்பர் ஷீட் ரோலர் சுற்றிச் சுற்றி
அந்தத் தாளம் அவன் தோளில் ஏறிவிட்டது.

பீர்க்கண்ணுக்கு இரண்டாவதுதான்.
அதில் ஏழு நிமிஷப் பாட்டொன்று,
நடுவில் எல்லாம் நின்று
ஒற்றைக் கம்பி மட்டும் இழுபடும் இடம்.
"அங்ஙன ஒரு மூச்சு விடுவான் பாரு,
அதுக்கு உன் நாலாவத மொத்தமா தாரேன், எடுத்துக்க."

ஜெஸிந்தா மூன்றாவது என்பாள்.
ஏன் என்று கேட்டால்
வால்யூமைக் கூட்டுவாள்.

எதில் கனம் அதிகம், அதுதான் கேள்வி.
வேகத்தை யாரும் மதிப்பதில்லை.
நிறைந்த வள்ளத்தை மேட்டுக்கு இழுக்கையில்
அடியில் மணல் முனகுமே,
அப்படி நகர வேண்டும் கிட்டார்.

மார்த்தாண்டம் பாலத்தடியில் சண்டை,
தக்கலை பஸ்ஸில் நின்றுகொண்டே சண்டை,
ஜெஸிந்தாவின் கல்யாணப் பந்தியில்
பிரதமனுக்கும் மோருக்கும் நடுவே
மாப்பிள்ளையை நிறுத்திக் கேட்டோம்.
ஒன்றாவது, என்றான் பாவம்.
பீர்க்கண்ணு ஆறு மாதம் அவனோடு பேசவில்லை.

இன்று மத்தியானம்
ததேயுவின் மகன் ஆக்னல் போனோடு வந்தான்.
கேசட்டை ஓடவிட்டுக் காட்டினால்
போன் தெரியாது என்றதாம்.
பாதி வரியைக் காதால் பிடித்து
மூன்று நாள் தேடியிருக்கிறான்.
"இதுதானே உங்க நாலாவது?"

அதே பாட்டு.
ஆனால் ஓடியது.
கிணற்றடியிலிருந்து வந்த குரல்
மாடியிலிருந்து வந்தது.
தோட்டா ஓலைப் பட்டாசாகிவிட்டது.
இரண்டாவதைப் போடச் சொன்னான் பீர்க்கண்ணு.
ஏழு நிமிஷம் ஆறரையில் முடிந்தது.
அந்த மூச்சு
இருந்த இடம் தெரியவில்லை.

ததேயு ஒன்றும் சொல்லாமல்
டேப்ரிக்கார்டரைக் கவிழ்த்து நாலு திருகு கழற்றினான்.
உள்ளே நூல் கனத்தில் ரப்பர் வளையம்.
சுண்டினான். தொய்ந்து ஆடியது.
"பெல்ட்டாக்கும். வாங்குன அண்ணைக்கே தளர்ந்திருக்கணும்.
அரைக் கட்டை கம்மி."

ஷாஜி அதை வாங்கி இழுத்தான், மோந்தான்.
"நம்ம ரப்பரா இருக்குமோ?"

பிறகு பீர்க்கண்ணு எழுந்தான்.
"வாசிச்சவன் அவசரக்காரன்.
பெல்ட்டு திருத்தியிருக்கு, அவ்வளவுதான்."
"ஒருத்தன் சோத்துல உப்பு கூடுனா திருத்தலாம்,
ஆல்பத்தத் திருத்துவியோ வோய்?"
என்று ஷாஜி நேர் எதிரே போய்விட்டான்.
நாலாவதுக்காக உயிரை விட்டவன்
இப்போது போன் பக்கம்!

ஜெஸிந்தா சிரித்தாள்.
"நர்சிங் ஹாஸ்டல்ல கேட்டேன், தொண்ணூத்தாறுல.
மூணாவதும் இங்ஙனதான் ஓடும்."
ஏன் சொல்லவில்லை என்றதற்கு
"சொன்னா நீங்க பேச வேற என்னல இருக்கு?"

ததேயு பழைய பெல்ட்டையே மாட்டினான்.
மூன்று திருகு கிடைத்தது,
நாலாவது பெஞ்சுக்கு அடியில் எங்கோ.

கேசட் ஆறு, போனில் ஆறு.
இப்போது ஆல்பங்கள் பன்னிரண்டு.
தடைக்காலம் முடிய
இன்னும் நாற்பத்துநாலு நாள்.