அளந்து போடு

பாட்டு நாலு நிமிடம் பதினொரு வினாடி.
அதை எங்கே போடுவது என்று பேசத் தொடங்கி
இது மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை.

வுப்பர்டால், எல்பர்ஃபெல்ட்,
நான்காம் மாடியில் கேர்ஸ்டினின் சமையலறை.
கீழே ஆறு. ஆற்றுக்கு மேலே
பிடரியில் தூக்கிய பூனைக்குட்டியாய்
தொங்கிக்கொண்டு போகிற ரயில்.
மேசையில் மடிக்கணினி, ஆறிப்போன பட்டாணி சூப்.

எல்லாரும் இருக்கிற இடம்தான் சரி என்றாள் கேர்ஸ்டின்.
எல்லாரும் இருக்கிற இடத்தில்
பதினைந்து வினாடிதான் தருவார்கள்.
பதினைந்தாவது வினாடியில் நான்
இன்னும் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறேன்.
‘மூச்சை வெட்டிவிடலாம்’ என்றாள்.
பதினெட்டு வருடமாய்ப் பல் மருத்துவரிடம் வேலை,
வலிக்காது என்று சொல்லும் குரல்
அவளிடம் எப்போதும் தயார்.

இன்னொரு தளம் முகம் கேட்டது.
முகத்தைக் கொடுத்தால் அடுப்படியும் கேட்கும் போலிருந்தது.
உங்களைப் போன்றவர்கள் பதிவிடுபவை என்று
ஒரு வரிசை காட்டியது:
பதினொரு தோசை. ஒரு ட்ரம்.

அதற்கடுத்தது வகையைச் சொல் என்றது.
ராக், பாப், உலக இசை.
நான் பிறந்தது பார்மனில்,
இங்கிருந்து ரயிலில் கால்மணி நேரம்.
பாட்டு, வாடகை ஏறியதைப் பற்றியது.
உலகம் என்று எதைச் சொல்கிறார்கள்
என்று கேட்க அங்கே ஒரு பொத்தானும் இல்லை.

வாகீசன் கணக்குப் போட்டான்.
ஒருமுறை கேட்டால் செண்டில் மூன்றில் ஒரு பங்கு.
பேஸ் கிட்டாருக்குப் புதுக் கம்பி வாங்கப்
பன்னிரண்டாயிரம் காது வேண்டும்.
காது ஜோடியாகத்தான் வரும்,
ஆறாயிரம் பேர் போதும் என்றேன்.
யாரும் சிரிக்கவில்லை.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
இங்கே போட்ட பிறகுதான் அளக்கிறார்கள்.
அளவு கூடவே வருகிறது,
குளியலறை வரைக்கும்.

கடைசியாக அந்தச் சின்னத் தளம்.
கெல்னில் யாரோ இரண்டு பேர் நடத்துவது.
இதயக்குறி கிடையாது. பின்தொடர்வோர் கிடையாது.
பாட்டு ஒரு நீளக் கோடாய் ஓடும்,
எந்த வினாடியில் வேண்டுமானாலும்
ஒரு வரி எழுதி வைக்கலாம், அவ்வளவுதான்.
பிப்ரவரியில் சோதனைக்கென்று ஏற்றி, மறந்திருந்தோம்.
கடவுச்சொல்லைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம்.

கேட்ட தடவை: நாற்பத்தேழு.
கேட்டவர்: ஒருவர்.
ஊர்: ஃபோவிங்கல். நேரம்: அநேகமாக அதிகாலை நாலரை.

தூக்கம் வராத பேக்கரிக்காரர் என்றாள் கேர்ஸ்டின்.
நான் அவருக்கு ஒரு பச்சை மேலங்கி கொடுத்தேன்,
வயதான ஒரு நாய் கொடுத்தேன்,
சூப் மறுபடி சூடாவதற்குள்
விவாகரத்தும் வாங்கிக் கொடுத்துவிட்டேன்.
அவருக்கு ஒரு கடிதம் எழுதுவோம் என்றேன்.

வாகீசன் கரண்டி கழுவிக்கொண்டிருந்தான்.
கழுவிய கரண்டியையே திரும்பக் கழுவினான்.

‘அது நான்.’

பார்சல் கிடங்கில் ஐந்து மணி ஷிப்ட்.
‘இரண்டு நாற்பதில் ஒரு சுரம் பிந்துகிறேன்.
ஒவ்வொரு நாளும் கேட்கிறேன்,
இன்றைக்காவது நேரத்துக்கு வருகிறதா என்று.’

போட்டுக் கேட்டோம்.
பிந்துகிறான்தான்.
அதனால் என் ‘வாடகை’ மட்டும் அங்கே
கடைசி ரயிலை விட்டவள்போல் தனியாக நிற்கிறது.
இத்தனை நாள் அதை அவன்
வேண்டுமென்றே செய்தான் என்று நினைத்திருந்தேன்,
அதற்காக அவனை மதித்தும் இருந்தேன்.
கேர்ஸ்டின் கோட்டில் அந்த இடத்தைத் தொட்டு எழுதினாள்:
‘தாமதத்துக்கு வருந்துகிறோம்.’

முடிவு ஒன்றும் எடுக்கவில்லை.
எல்லாவற்றிலும் போடலாம் என்கிறாள் அவள்.
அகலக்கால் வேண்டாம் என்கிறான் அவன்.
திங்கள் காலை பல் துலக்கும்போது
நான் மட்டும் போய்ப் பார்த்தேன்.

கேட்ட தடவை: ஐம்பத்திரண்டு.
கேட்டவர்: நால்வர்.

நாங்கள் மூன்று பேர்தான்.
கேர்ஸ்டினிடம் இரண்டு போன் இருக்கிறது, தெரியும்.
இருந்தாலும்.