தொண்ணூற்று நான்கு கிராம்

கனடாவுக்கு இருநூற்றைம்பது கிராம் வரை
என்ன கட்டணம் என்று
அட்டவணை பார்க்காமல் சொல்வேன்.
திருவாரூர் தலைமை அஞ்சலகம், மூன்றாவது கவுன்ட்டர்,
பத்தொன்பது வருஷம்.

'காதை மூடுற மாதிரி பின்னுக்கா,
கலர் எதுன்னாலும் சரி, சாம்பல்னா நல்லது.'
தீபாவளிக்குப் பேசியபோது மதியழகன் கேட்டான்.
கும்பகோணத்தில் கம்பளி நூல் இருக்கிறதா என்றதற்குக்
கடைக்காரர் மின்விசிறியை என் பக்கம் திருப்பினார்.

கார்த்திகையில் நாற்பத்திரண்டு வரிசை.
மார்கழியில் தொடவில்லை.
தையில் கணக்கு முடிப்பு, ஒரு கல்யாணம், காய்ச்சல் –
இல்லை, சும்மாதான் இருந்தேன்.
மாசி ஏழாம் தேதி
வாசல் பனியை வாரிக்கொண்டிருந்தவன்
மண்வெட்டியோடு சாய்ந்துவிட்டான்.
தகனத்தைப் போனில் பார்த்தோம்.
படம் இரண்டு தடவை உறைந்தது,
ஒரு தடவை சரியாக அவன் தலையில்.

ஓடம்போக்கியில் அப்போது சொட்டுத் தண்ணீர் இல்லை.
போர்செட்டிலிருந்து குடத்தில் சுமந்துபோய்
மணலில் ஊற்றி
ஆறு என்று வைத்துக்கொண்டு முழுகினோம்.

நாற்பத்திரண்டு வரிசையும் பீரோ மேல்
துணிக்கடைப் பையில் கிடந்தது.
ஊசி துருப்பிடிக்கட்டும் என்று விட்டேன்.
எவர்சில்வர் ஊசி. பிடிக்கவில்லை.

பர்கத் நிஷா தபால் பிரிக்கும் பிரிவு.
கூத்தாநல்லூர் பஸ்ஸில் வந்து போகிறவள்.
எல்லாரும் எப்படி, எப்போது, வயசென்ன என்றார்கள்.
அவள் வைகாசியில் ஒருநாள் வீட்டுக்கு வந்து
நாற்காலி போட்டு ஏறி
பையை எடுத்தாள், ஊசியை உருவினாள்,
நுனியைப் பிடித்து இழுத்தாள்.
நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு நாய் குரைத்தது.
'பாதியில நிக்கிறதையே எத்தன நாளைக்குடி பாத்துக்கிட்டிருப்ப?'
இழுத்துக்கொண்டேதான் கேட்டாள்.

பிரித்த கம்பளி நிமிரவில்லை.
ஒவ்வொரு கண்ணியும் வளைந்த வளைவிலேயே நின்றது,
சுருட்டை முடி மாதிரி.
அவன் முடி மாதிரி என்று சொல்ல முடியாது,
அவனுக்கு முப்பதிலேயே வழுக்கை.

ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக் கொல்லை.
பிரியாணிக் கடையிலிருந்து ஒரு சாக்கு வெங்காயச் சருகு,
ஒடுக்கு விழுந்த தேக்சா, கைப்பிடி படிகாரம்.
'என்ன கலரு வேணும்?'
'தெரியல. சாம்பல் வேணாம்.'
'தளதளன்னு கொதிக்க விடாத, கம்பளி கோவிச்சுக்கும்.'
சிட்டம் மெல்ல முங்கியது.
வளைவுகள் ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தன.
கரண்டிக் காம்பால் புரட்டிக்கொண்டே
நாலு நாள் மட்டும் இருந்த ஒரு மகளின் பெயரைச் சொன்னாள்,
சஃப்ரின்.
பதினோரு வருஷம் பக்கத்து மேஜை,
எனக்குத் தெரியாது.
நானும் எப்படி, எப்போது என்று கேட்கவில்லை.
புகை கண்ணில் பட்டது, அவ்வளவுதான்.

கொடியில் காய்ந்தது.
ஓரிடம் செங்கல், ஓரிடம் தேன்,
கட்டிய முடிச்சுக்கடியில்
பிடிவாதமாகக் கொஞ்சம் சாம்பல்.

அப்புறம் பகல் சாப்பாட்டு வேளைகளில் பின்னினேன்.
மணியார்டர் கட்டுகளுக்கு நடுவே,
இரண்டு கண்ணி சேர்த்து, ஒன்று விட்டு.
எண்ணிக்கை தப்பினால் பர்கத் சொல்வாள்,
அவளுக்குப் பின்னத் தெரியாது, எண்ணத் தெரியும்.
எண்ணுகிற நேரத்தில்
வேறெதையும் எண்ண முடியாது என்பது
எனக்குப் பிடித்திருந்தது.
சில நாள் அதுவும் பலிக்கவில்லை.
நான்கு வரிசை பின்னி ஆறு வரிசை பிரித்தேன்.

ஆனிக் கடைசியில் புதுத்தண்ணி வந்தது.
நுரை, ஆகாயத்தாமரை, ஒற்றைச் செருப்பு.
பாலத்தில் நின்ற பஸ்ஸின் ஜன்னலிலிருந்து
பர்கத் கத்தினாள்:
'கோதை, நம்ம தேக்சாத் தண்ணிடி!'

ஆடி வெள்ளி.
தொப்பியைத் தராசில் வைத்தேன்.
தொண்ணூற்று நான்கு.
கட்டணம் வாய்க்கு வந்தது,
முகவரியும், கதவெண்ணோடு.
கவுன்ட்டரின் அந்தப் பக்கமிருந்து ஒரு கை நீண்டது.
தராசு பூஜ்யத்துக்கு வந்தது.
முக்காட்டுக்கு மேலேயே மாட்டிக்கொண்டாள்,
இரண்டு காதும் மூட.
வெளியே முப்பத்தெட்டு டிகிரி.
ஸ்டாம்பு வாங்க வந்தவர் சில்லறையை மறந்து நின்றார்.

'எப்படி இருக்கு?'
'வேகுதுடி.'
கழற்றவில்லை.
அப்படியே போய்
பதிவுத் தபால் கட்டை அவிழ்த்து எண்ணத் தொடங்கினாள்.