ஐஸ் பிளாண்ட்காரன் வீட்டில் இரண்டு கினிப்பன்றிகள்

பன்னிரண்டு வருஷமாய்க் குளச்சலில்
செத்த மீன்களுக்குக் குளிர் சமைத்துத் தருகிறேன்.
ஒரு கட்டை ஐம்பது கிலோ.
கிரஷரில் போட்டால் மழையை உடைக்கிற மாதிரி ஒரு சத்தம்,
பிறகு பெட்டி, பிறகு லாரி,
பிறகு கொச்சியோ தூத்துக்குடியோ.
கண் மங்காமல் போய்ச்சேர வேண்டும் மீன்.
அவ்வளவுதான் என் தொழில்.

கூடப் படிக்கிற பிள்ளையிடமிருந்து
அன்சி இந்த இரண்டையும் வாங்கி வந்தபோது
எலி என்றேன். பன்றி என்றாள்.
தின்கிற அழகைப் பார்த்தால் ஆடு என்றாள் மெற்றில்டா.
பழுப்புக்குச் சாளை, வெள்ளைக்கு நெத்திலி.
கடலே பார்க்காத இரண்டு மீன்.

மார்ச்சிலேயே கூரைத் தகரம் முனங்கத் தொடங்கிவிடும்.
கடலுக்கும் எங்களுக்கும் நடுவில் நாலு தெரு,
காற்று மூன்றாவதோடு திரும்பிப் போய்விடும்.
பத்து மணிக்குச் சன்னலோரம் நிழல்.
பதினொன்றுக்கு அதே இடம் அடுப்பு.
கூட்டை நகர்த்தினோம்.
வெயிலும் பின்னாலேயே நகர்ந்து வந்தது,
வீட்டு நம்பர் தெரிந்த வட்டிக்காரன் மாதிரி.

வேர்க்கத் தெரியாதாம் அதுகளுக்கு.
வேர்க்காமல் ஒரு உயிர்
எப்படி ஏப்ரலைக் கடக்கும்?

கால் கட்டை ஐஸைச் சாக்கில் கட்டி வந்து
கூட்டுக்குள் அப்படியே இறக்கினேன்,
தெருவே பார்க்கட்டும் என்கிற கெத்தில்.
சாளை தொட்டது. விலகியது.
மூலையில் ஒடுங்கி நடுங்கியது.
வைக்கோல் ஊறி நாறியது.
'அப்பா, அது என்ன செத்த மீனா?'
என்றாள் எட்டாம் கிளாஸ்காரி.

குளிர் வேறு, குளிர்ச்சி வேறு என்று
பிளாண்டில் எனக்கு யாரும் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு அவள் சொன்னபடி.
கோலா பாட்டிலில் வெள்ளம் நிறைத்து உறையவைத்து,
என் பழைய தோர்த்தில் இரண்டு சுற்றுச் சுற்றி
கூட்டின் ஒரு பக்கம் மட்டும்.
வேண்டுமென்றால் சாயட்டும், வேண்டாமென்றால் நகரட்டும்.
கொத்தனார் மிச்சம் விட்ட டைல்ஸ் துண்டொன்று, படுக்க.
வெள்ளரி, அதுவும் தோலோடு.
காற்றாடி சுவரைப் பார்த்துச் சுற்றும்.
அவற்றுக்கு வாய்த்த காற்று எனக்கு வாய்க்கவில்லை
என்று ஒருநாள் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

பெரிய வெள்ளி. பிளாண்டுக்குப் பூட்டு.
சிலுவைப்பாதைக்கு ஊரே போயிருந்தது.
சோடா வாங்கப் போன நான் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தால்
கரண்ட் இல்லை, எப்போது போனதோ,
பிரிட்ஜுக்கு அடியில் வெள்ளம்.
நெத்திலி நீட்டிக் கிடந்தது.
வாயோரம் எச்சில். விலா மட்டும் ஓடிக்கொண்டிருந்தது,
கரை சேருமோ சேராதோ என்கிற பழைய என்ஜின் ஓட்டம்.

கருங்கல் மாட்டு டாக்டருக்கு இரண்டு தடவை அடித்தேன்.
எடுக்கவில்லை.
ஐஸ் இல்லை. ஐஸ் பிளாண்ட்காரன் வீட்டில்.

மண்பானைக்குள் கை விட்டேன்.
உறைக்கிற குளிரில்லை, கை ஒப்புக்கொள்கிற குளிர்.
தோர்த்தை அதில் நனைத்துப் பிழிந்து
காதுகளில் வைத்தேன், பிறகு பாதங்களில்;
நெத்திலிக் கருவாட்டுக் கனம்கூட இல்லாத பாதங்கள்.
வீட்டிலேயே குளிர்ந்த இடம் மேசைக்கடிச் சிமெண்டுத்தரை.
அதை அங்கே கிடத்தி, பக்கத்தில் நானும் படுத்தேன்.

மீனை நான் இப்படித் தொட்டதில்லை.
நான் வருவதற்குள் மீனுக்கு எல்லாம் முடிந்திருக்கும்.

வெளியே ஒலிபெருக்கியில் பன்னிரண்டாம் நிலை.
உள்ளே விலா மெதுவாயிற்று.
மெதுவானது நல்லதுக்கா கெட்டதுக்கா தெரியாமல்
எண்ணிக்கொண்டே கிடந்தேன்,
நூற்றிப்பத்து, நூற்றிப்பதினொன்று,
எதை எண்ணுகிறேன் என்பது மறந்துபோகும்வரை.

அவர்கள் வந்தபோது
என் சட்டைப் பித்தானைக் கடித்துக்கொண்டிருந்தது அது.
மெற்றில்டா வாசலில் நின்றாள்:
பெரிய வெள்ளியும் அதுவுமாய்ப் பாதி வழியில் காணாமல்போய்
மேசைக்கடியில் என்ன வேலை?

அன்சி ஒன்றும் கேட்கவில்லை.
குனிந்து அதன் காதைத் தொட்டுப் பார்த்தாள்.
பிறகு என் காதை.