காரணத்துக்கான கட்டம்

நேற்று மாலை ஆறு பத்துக்கு
விலாஸ் தாண்டேலை நான்தான் நீக்கினேன்.
மேலிடத்து மின்னஞ்சலில் ஒரே வரி.
கிளவுடில் அவன் பெயருக்கு நேரே பதினேழு அனுமதிகள்.
ஒவ்வொன்றுக்கும் 'உறுதியா?' என்று கேட்டது திரை.
உறுதி, உறுதி, உறுதி.
பிறகு வேர்க்கடலை தின்றேன்.

இரவு இரண்டே கால். ஐரோலியில் மழை.
ஒருங்கிணைப்பு சர்வரில் முதல் வேலை சிவந்தது,
அதைப் பார்த்து அடுத்தது,
எண்ணி முடிப்பதற்குள் நாற்பத்தொன்று.
டேட்டாபேஸ் உயிரோடுதான் இருக்கிறது.
தட்டினால் பதில் சொல்கிறது:
இந்தப் பெயரில் யாரையும் எனக்குத் தெரியாது.

ஆறு வருடம் முன்னால் ஏதோ அவசரத்தில்
எல்லா இணைப்பையும் தன் பெயரிலேயே போட்டிருக்கிறான்.
'இப்போதைக்கு' என்று ஓரத்தில் குறிப்பு வேறு.
பொதுக் கணக்கு கேட்டு அவன் போட்ட மனு
இன்னும் யாருடைய ஒப்புதலுக்கோ காத்திருக்கிறது.
நாலரைக்குப் பால் வண்டிகள் கிளம்பியாக வேண்டும்.
பன்வேலுக்கு எத்தனை கிரேட், முலுண்டுக்கு எத்தனை
என்ற கணக்கு அந்தச் சிவப்புக்குள் எங்கோ
மூச்சுமுட்டிக் கிடக்கிறது.

அழைத்தேன். உடனே எடுத்தான். பின்னால்
ஐஸ் உடைக்கும் சத்தம், மராத்தியில் யாரோ யாரையோ வைதார்கள்.
தடைக்காலம் முடிந்த முதல் வாரம்,
சித்தப்பாவின் படகு வந்திருக்கிறது,
பாவுச்சா தக்காவில் நிற்கிறேன் என்றான்.
மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.
"நாற்பத்தொன்றும் போச்சா?" என்று சிரித்தான்.
எண்ணிக்கையை நான் சொல்லவே இல்லை.
"என்னைக் கொஞ்ச நேரம் திரும்பச் சேர்,
அதுபாட்டுக்கு ஓடும்.
கேட்வேயை மட்டும் ரீஸ்டார்ட் பண்ணாதே, முரண்டு பிடிக்கும்."

சேர்க்கப் போனேன். கால அளவு: பதினைந்து நிமிடம்.
அதற்குக் கீழே சிவப்பு நட்சத்திரத்தோடு ஒரு கட்டம்.
காரணம்.
காலியாய் விட்டால் நகராது.
'பால்' என்று அடித்தேன்.
பத்தெழுத்தாவது வேண்டும் என்றது.
'விலாஸ் இல்லாமல் ஓடவில்லை' என்று அடித்தேன்.
உண்மைதான், ஆனால் தணிக்கைக்காரர்கள் படிப்பார்கள்.
அழித்துவிட்டு 'தற்காலிக அணுகல்' என்றேன்.
ஏற்றுக்கொண்டது.

பச்சை. ஒன்று, ஏழு, இருபது.
லாகில் வரிக்கு வரி அவன் பெயர் ஓடியது:
தாண்டேல் நுழைந்தான்,
தாண்டேல் படித்தான், தாண்டேல் எழுதினான்.
தாண்டேலோ அங்கே
சுரமாயிக் கூடைக்கு விலை கூவிக்கொண்டிருந்தான்,
போன் சட்டைப்பைக்குள், இன்னும் துண்டிக்காமல்.

நாளை ராத்திரியும் இது ஓட வேண்டுமே.
நாற்பத்தொரு இணைப்பையும்
என் பெயருக்கு மாற்றினேன்.
இப்போதைக்குத்தான்.

மூன்று பதினெட்டுக்கு சிஸ்டமே அவனை நீக்கியது.
இந்த முறை உறுதியா என்று
யாரையும் கேட்கவில்லை.

கொஞ்சம் பொறுத்து ஒரு செய்தி வந்தது:
பொம்பில் நல்லாயிருக்கு, ஒரு கிலோ எடுத்து வைக்கவா.
அரைக் கிலோ போதும் என்றேன்.
காசு வாங்கிக்கொள்ள வேண்டும் என்றும்.