ஏழாம் படி

புதன் மாலைகளில்
பள்ளிக்கூடத் தச்சுப் பட்டறையில் கூடுகிறோம்.
ஒன்பது நாற்காலி, ஆறு பேர், மரத்தூள் வாசம்.
செவிலி மார்யுன் ஆளுக்கொரு பயிற்சி ஏடு தந்தாள்.
கூடவே பென்சில்.
அழித்து எழுத வேண்டி வரும் என்றாள்.

நான் ரன்வா. ரொட்டி வண்டி ஓட்டுகிறேன்.
எங்கள் ஃபாரோ தீவுகளில்
ஒரு தீவிலிருந்து மறு தீவுக்குக்
கடலுக்கு அடியில் பாதை போகிறது.
மார்ச் மாத விடிகாலை ஒன்றில்
அதன் நட்டநடுவே
இருநூறு ரொட்டிகளோடு
சாகத் தொடங்கினேன்.

சாகவில்லை.
ஊசிக் காதில் நுழையப் பார்க்கும் வடக்கயிறாக மூச்சு.
ஸ்டியரிங்கில் யாருடைய கைகளோ.
தலைக்கு மேலே மொத்த அட்லாண்டிக்குக்கும்
என் பெயர் தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு படகுதான்.
ஒன்றரை மணி நேரம் கூடுதல்.
ரொட்டி ஆறிப்போய்ச் சேரும்.
கடைக்காரர் பார்டுர் காரணம் கேட்கவில்லை,
இங்கே யாரும் கேட்பதில்லை.
"காற்று அதிகமோ?" என்பார்.
"அதிகம்" என்பேன்.

மூன்றாம் பக்கத்தில் ஓர் ஏணி.
படிகளை நானே எழுத வேண்டும்,
ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு எத்தனை பயம் என்றும்.
முதல் படி: சுரங்கத்தின் புகைப்படத்தைப் பார்ப்பது.
முப்பது.
காகிதத்துக்கே முப்பதா என்று வெட்கப்பட்டேன்.
"எண்ணுக்கு வெட்கமில்லை, எழுது" என்றாள் மார்யுன்.

சால்மன் பண்ணை ஓலவுர் தன் பக்கத்தைப் படித்தான்.
திங்கள்: ஒரு காலுறை போட்டேன்.
செவ்வாய்: இன்னொன்றும்.
சிரித்துவிட்டோம். கடைசியாக அவனும்,
நெடுநாள் திறக்காத கதவைப் போலச் சிரித்தான்.

அஞ்சலகத்துப் பிரிதா
கவலைக்கு நேரம் குறித்துக் கொடுத்திருந்தாள்,
மாலை ஐந்தரை முதல் ஐந்தே முக்கால் வரை.
ஐந்தரைக்கு இவள் தயாராக உட்கார்ந்திருக்க
அது வரவே இல்லை.
இரவு இரண்டு மணிக்குக் கதவைத் தட்டியது.
நாளைக்கு வா என்றாளாம்.
போனதா?
வாசல் வரை போனது என்றாள்.

எனக்கு இதில் நம்பிக்கை வரவில்லை.
புயலைப் பென்சிலால் குத்துவதா?
நான்காம் படியன்று சுரங்க வாயில்வரை போனேன்.
குறுக்கே மூன்று ஆடுகள் நின்றன.
ஆடுகளைக் காரணம் காட்டித் திரும்பிவிட்டேன்.
ஏட்டில் எழுதினேன்: ஆடு.
பிறகு அழித்துவிட்டு எழுதினேன்: நான்.

எண்ணம்: கடல் உடைத்துக்கொண்டு உள்ளே வரும்.
இதற்குச் சான்று: கூரையில் ஈரம்.
இதற்கு எதிர்ச்சான்று: அந்த ஈரம் போன வருடமும் இருந்தது.
ஒரு ரொட்டிகூட நனைந்ததில்லை.

அக்டோபரில், ஏழாம் படி.
சரிவில் வண்டி இறங்க இறங்கக் காது அடைத்தது.
ஆகத் தாழ்ந்த இடத்தில், ஒதுங்கும் வளைவில் நிறுத்தினேன்.
ஓடாதே, எண் இறங்கும்வரை இரு என்கிறது ஏடு.
தொண்ணூறு.
உள்ளே இழுப்பதைவிட மெதுவாக வெளியே விடு.
எண்பத்தைந்து.
மறுபடி தொண்ணூறு.
இதை ஏடு சொல்லவில்லை, மார்யுன்.
கண்ணில் பட்டதற்கெல்லாம் பெயர் சொன்னேன்:
தீயணைப்பான். மஞ்சள் கோடு. என் கையுறை.
கண்ணாடியில் ரொட்டி விட்ட ஆவி.
எழுபது.
அறுபத்தைந்து.
அட்லாண்டிக் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு
மேலே கிடந்தது.

பார்டுர் கூடையைத் தொட்டுப் பார்த்தார்.
கையை உடனே எடுக்கவில்லை.
"சூடா இருக்கே" என்றார்.
"ஆமாம்" என்றேன்.
அவ்வளவுதான் பேசினோம்.

வண்டிக்குள் வந்து
விற்காமல் வைத்திருந்த ஒன்றைப் பிட்டுத் தின்றேன்.
பனிமூட்டத்தில் சுரங்க வாய் தெரியவில்லை.
அப்போதுதான் உறைத்தது,
நான் வரைந்த ஏணியில்
திரும்பி வருவதற்குப் படியே இல்லை.

பென்சிலைத் தேடினேன்.
எட்டு என்று போட்டு
பக்கத்தில் ஐம்பத்தைந்து என்று எழுதி
சாவியைத் திருப்பினேன்.