எட்டாம் எண்

வியாழன் இரவு. ஹல் துறைமுகக் காற்று
ஜன்னலைத் தோளால் இடிக்கிறது.
பட்டியலில் பன்னிரண்டு பெயர் எழுதியாயிற்று.
எட்டு மட்டும் காலி.

பதினொரு குளிர்காலம் நெவில் பத்து,
ஸ்டான் இபட்சன் எட்டு.
ஒரே சேற்றைத் தின்றார்கள்.
உடைந்த தாடையோடு நெவில் கல்யாணத்துக்கு வந்து
உறிஞ்சுகுழலில் பீர் குடித்தவன் ஸ்டான்.

நெவில் இப்போது கோச்.
விசில், குடை, காய்ந்த காலுறை.
காய்ந்த காலுறைதான் இன்னும் பழகவில்லை.

பென்சில் வேறு பெயரை எழுதியது.

போனில் சொல்லலாம்.
கோட்டை மாட்டிக்கொண்டு நடந்தான்.

கதவைத் திறந்த ஸ்டான் முகத்தைப் பார்த்தான்.
கெட்டிலை அடுப்பில் வைத்தான்.
முதுகைக் காட்டியபடியே சொன்னான்:
"அந்தப் பையன்
டாக்கிளுக்குப் போகும்போது கண்ணை மூடுகிறான்.
கவனி."