வெற்றுக் கணம்

பிஷ்கெக்கில் ஜனவரிப் புகை
ஆறாம் மாடி வரை ஏறி வந்து
எங்கள் விடுதிச் சமையலறைச் சன்னலில் உட்காரும்.
மலை எந்தப் பக்கம் என்பது
அந்த மாதம் முழுக்க நம்பிக்கை சார்ந்த விஷயம்.

புருல்சா உதவித்தொகை தேடிக்கொண்டிருந்தாள்.
நான் ஆட்டுக் கல்லீரலை வரைந்துகொண்டிருந்தேன்.
ஒரே மேசை. எண்ணெய்க் கறை என் பக்கம்.

கணக்குப் படிக்க யார் காசு தருவார்கள் என்றேன்.
நிறையப் பேர் என்றாள்,
தந்துவிடக் கூடாதே என்ற கவலையோடு.

நோட்டில் குறித்து வைத்திருந்தாள்.
மலையில் பிறந்தவர்களுக்கென்று ஓர் அறக்கட்டளை,
ஆனால் தலைநகரில் மூன்றாண்டு
குடியிருந்தவர்தான் கேட்கலாம்.
முதலாண்டு மாணவர்களுக்கு மட்டும் ஒன்று,
கட்டுரை இரண்டு அச்சாகியிருக்க வேண்டும்.
சுரங்கக் கம்பெனியும் தருகிறதாம்,
உங்கள் ஆராய்ச்சியால் சுரங்கத்துக்கு என்ன லாபம்
என்று இருநூறு சொல்லில் எழுதினால்.
அவள் படிப்பது முடிச்சுகளை:
எது அவிழாத முடிச்சு,
எது அவிழாததுபோல் நடிக்கிறது.
இருநூறில் பதினொரு சொல்தான் வந்தது.

அப்பாவின் வருமானச் சான்று கேட்டார்கள்.
அவர் நோவசிபிர்ஸ்க் பக்கம் லாரி ஓட்டுகிறார்.
வருமானம் உண்டு, சான்று இல்லை.
ஊரில் சான்று உள்ளவர்களுக்கு
வருமானம் இல்லை.

மதிப்பெண் பட்டியலை மொழிபெயர்க்க
பக்கத்துக்கு நானூறு சோம்.
முத்திரைக்கு இருநூறு.
தன்னிடம் பணமில்லை என்று நிரூபிக்க
என்னிடம் ஆயிரம் கடன் வாங்கினாள்.
பூட்ஸுக்காக வைத்திருந்த பணம் அது.
அவளிடம் சொல்லவில்லை.
இங்கேதான் சொல்கிறேன்.

ஒரு ராத்திரி, ரொட்டியும் தீர்ந்த பிறகு,
அந்த மலை அறக்கட்டளையின் ஏழு நிபந்தனைகளுக்கும்
ஏழு வட்டம் போட்டாள்.
வெட்டு என்றாள்.
கத்தியை நீட்டினேன்.
அதில்லை, வட்டங்களின் வெட்டு,
ஏழிலும் இருக்கிறவர்கள்.
பார், ஓர் உறுப்புகூட இல்லை.

எனக்கு உறுப்பு என்றால்
ஈரல், மண்ணீரல், இரண்டாம் இரைப்பை.
உறுப்பே இல்லாத ஆடு ஒன்று
அடுப்போரம் எழுந்து நின்று
எங்கள் இருவரையும் பார்த்தது.

நோக்கக் கட்டுரை கேட்ட இடத்தில்
ஒன்றரைப் பக்கம் எழுதி ஒட்டினாள்.
தேற்றம்: இந்த உதவித்தொகைக்குத்
தகுதியானவர் எவரும் இல்லை.
கீழே நிரூபணம்.
அதன் கீழே, பணிவுடன், பெயர்.
பைத்தியமா உனக்கு என்றேன்.
தபால்தலையை நாக்கில் நனைத்துக்கொண்டிருந்ததால்
பதில் சொல்லவில்லை.

ஏப்ரலில் புகை விலகி
மலை தெற்கே இருப்பது உறுதியான வாரம்
உறை வந்தது.
அவள் அனுப்பிய அதே தாள்,
ஓரத்தில் பென்சில்:
'நான்காம் வரியில் பிழை.
குடியிருப்பவர் என்ற சொல்லை
வரையறுக்காமலே பயன்படுத்தியிருக்கிறீர்கள்.
விடுதியும் குடியிருப்பே எனக் கொண்டால்
கணத்தில் ஓர் உறுப்பு எஞ்சுகிறது.
உங்கள் பிறந்த தேதியைச் சரிபார்க்கவும்.'
கையெழுத்து யாருடையதென்று புரியவில்லை.

இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை.
பணம் கிடைத்தது அவளுக்குப் பெரிதில்லை,
நான்காம் வரி.
எப்படிப் பார்க்காமல் விட்டேன், எப்படி,
என்று பல் தேய்க்கும்போதும் முணுமுணுத்தாள்.

பன்னிரண்டு மாத ஆண்டில்
ஏழு மாதத்துக்குப் போதும் அந்தத் தொகை.
மீதி ஐந்துக்கு பஜாரில் சம்சா விற்றாள்,
மாவைக் கயிறாகத் திரித்து முடிந்து பார்த்து
முதலாளியிடம் திட்டு வாங்கினாள்.
என் ஆயிரம் ஜூனில் திரும்பி வந்தது.
ஜூனில் பூட்ஸ் மலிவு.

அடுத்த ஆண்டுப் படிவத்தில்
எட்டாவது நிபந்தனை ஒன்று முளைத்திருந்தது:
கட்டுரைக்குப் பதில் நிரூபணம் அனுப்புவோர்
நிராகரிக்கப்படுவர்.

மூன்றாம் மாடி ஜிபார் அதை எடுத்துக்கொண்டு
படியேறி வந்தாள். புள்ளியியல் படிக்கிறாள்.
புருல்சா பஜாரில் இருந்தாள்.
உனக்கு ஏதாவது தெரியுமா என்று
என்னைக் கேட்டாள்.
ஆட்டின் படத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு
எட்டு வட்டத்துக்கு இடம் போதுமா
என்று பார்த்தேன்.